அடங்காத நாய்க்கு ஒரு வேலை

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து சிறிது தூரம் சென்றால் சுங்குவார்சத்திரம். தெற்கே வாலாஜாபாத்துக்குச் சாலை பிரியும் அக்கூட்டு ரோட்டில் இரவு பத்தரை மணியளவில் ஒரு முறை நின்று பார்த்தால் போதும். இப்பகுதியின் வாழ்வு முழுவதும் கண்முன் வந்துவிடும். தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. மாலை ஷிப்டு முடிந்த பெண்கள் கூட்டங்கூட்டமாக இறங்கி விடுதிகளை நோக்கி நடக்கின்றனர். இரவு ஷிப்டுக்குப் புறப்படும் இளைஞர் தேநீர்க் கடை வாசலில் நிற்கின்றனர். அவர்களுள் பாதிப் பேர் பேசுவது ஒடியாவும் இந்தியும். பெயரிலேயே சத்திரத்தைத் தாங்கி நிற்கும் இவ்வூர் இன்று ஊர் முழுவதுமே சத்திரமாகிவிட்டது எனலாம்.

இத்தனை பேர் உண்டு எறியும் மிச்சத்தை நம்பி மற்றொரு கூட்டமும் இங்கு வாழ்கிறது. பிரியாணிக் கடைகளின் பின்புறத்திலும், பாதி கட்டி நிற்கும் வீடுகளின் மணற்குவியலிலும் பகலெல்லாம் படுத்துறங்கி, இரவானதும் சாலைக்கு வரும் நாய்களைத்தான் சொல்கிறோம். வண்டியில் தனியே வீடு திரும்பும் தொழிலாளிக்கு அவற்றால் உண்டாகும் அச்சம் கொஞ்சமன்று. அந்த அச்சத்தை ஏளனம் செய்ய நாம் இதை எழுதவில்லை. ஆயினும் அந்நாய்களுள் ஒன்று கடந்த ஒன்றரை ஆண்டுகளாக நமக்குக் கற்பித்த பாடம், நாம் குருமடத்தில் கற்றவற்றுள் எதிலும் இல்லாததாகையால், அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கு வந்த இளந்தம்பதியர் ஒருவர் நம் பங்கில் உள்ளனர். கணவர் கார் உதிரிப் பாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒரு மழைக்கால இரவில், வண்டியில் அடிபட்டுச் சாக்கடையோரம் கிடந்த நாய் ஒன்றை அவருடைய மனைவி தூக்கி வந்து, தாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டுத் திண்ணையில் போட்டு, மஞ்சளும் சோறும் வைத்துக் காப்பாற்றினார். செம்மண் நிறமாகையால் அதற்குச் செவலை என்று பெயரிட்டனர். கால் தேறும்வரை அது பரம சாது. தேறிய பின்னர்தான் தொல்லை ஆரம்பமாயிற்று.

செருப்புகளைக் கடித்துக் குதறியது. அடுப்புக்குச் செல்லும் எரிவாயுக் குழாயையே ஒரு நாள் கடித்துவைத்தது. ஐந்தடிச் சுவரை ஓடிவந்து தாண்டிற்று. கொடியில் காய்ந்த வீட்டுக்காரரின் வேட்டியை இழுத்துக்கொண்டு தெருமுனைவரை ஓடியது. தலைக்கவசம் அணிந்து வருபவர் யாராயினும் அவர் காலைத் துரத்திச் சென்றது. கடைசியாக, வீட்டுக்காரருடைய மகனின் கால்சட்டையைப் பல்லால் பற்றிக் கிழித்துவிட்டது. தோலில் பல் படவில்லை என்பது ஒன்றே ஆறுதல். ஒரு வாரத்திற்குள் நாய் வெளியேற வேண்டும், இல்லையேல் நீங்கள் வெளியேற வேண்டும் என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறு காண நம்மால் இயலவில்லை.

ஞாயிறு மாலை அப்பெண் நம்மிடம் வந்தார். "சாமி, கோவில் வளாகத்துல ஒரு ஓரமா கட்டிப்போட்டுக்கலாங்களா?" என்று கேட்டார். மறைக்கல்விக்கு வரும் சிறுபிள்ளைகள் ஓடியாடும் இடம் அது, மறுத்துவிட்டோம். அத்துடன் நிற்காமல், "ஒரகடத்துக்கு அந்தப் பக்கம் ஏதாவது ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுங்களேன் அம்மா; எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்றும் சொன்னோம். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவர் நின்ற இடத்திலேயே நின்றார். நம் வாழ்நாளில் பலருக்கு ஆலோசனை கூறியிருக்கிறோம். அவற்றுள் இது நல்லதோர் ஆலோசனையன்று. வளர்த்த பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

அச்சமயம் வராந்தாவில் அமர்ந்திருந்தவர், காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவில் பல ஆண்டுகள் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியவர். ஊரார் அவரை இன்றும் ஏட்டையா என்றே அழைக்கின்றனர். அவர் எழுந்து வந்தார்.

"அதுக்கு என்ன வயசும்மா?"

"ஒன்றரை இருக்கும்ங்கய்யா."

"செவுத்தைத் தாண்டுதா? கயிறைக் கடிச்சு இழுத்து விளையாடுதா? சோறு வைக்கும்போது தட்டைப் பாக்குதா, உன் கையைப் பாக்குதா?"

"என் கையைத்தான் பாக்கும்ங்கய்யா. நான் எங்க போனாலும் கண்ணு எம்மேலயே இருக்கும்."

ஏட்டையா நம் பக்கம் திரும்பினார். "சாமி, இந்த மாதிரி நாயைத்தான் நாங்க தேடிக்கிட்டுப் போவோம். சும்மா படுத்துக் கிடக்கிற நாயை எங்க ஆளுங்க எடுக்கவே மாட்டாங்க. இது கெட்ட நாய் இல்ல. வேலை இல்லாத நாய்."

வேலை இல்லாத நாய்! வேலை தேடி நாலா திசையிலிருந்தும் மக்கள் வந்து குவியும் ஊரில், ஒரு நாயைப் பற்றி இச்சொல்லைக் கேட்டபோது நமக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பின்னர் அவர் சொன்னவற்றைக் கேட்டும், நூல்களிலும் செய்தித்தாள்களிலும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டவை சிரிக்கத் தக்கவையாக இல்லை.

தெருவிலிருந்து காவல்துறைக்கு

மேற்கு வங்கத்தில் பாரக்பூர் என்னுமிடத்தில் காவல்துறைப் பயிற்சிக் கழகம் ஒன்றுள்ளது. அங்கு கல்லடிபட்டுக் கொண்டிருந்த ஒரு தெருநாய்க் குட்டியைக் காவலர்கள் மீட்டு, ஆஷா எனப் பெயரிட்டு வளர்த்தனர். ஆஷா என்றால் நம்பிக்கை. ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார் முதலிய உயர்சாதி நாய்களுடன் அதையும் பயிற்சிக்கு நிறுத்தினர். தடைகளைத் தாண்டுவதிலும், வெடிபொருளை மோப்பம் பிடிப்பதிலும் அது அவற்றுக்கு இளைக்கவில்லை. இச்செய்தி 2018-ஆம் ஆண்டளவில் நாட்டின் பல நாளேடுகளிலும் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டு உத்தரகாண்ட் மாநிலக் காவல்துறை, சாலையிலிருந்து எடுத்து வளர்த்த டேங்கா என்னும் நாயைத் தன் மோப்பப் பிரிவில் பழக்கியது. பெரும் விலை கொடுத்து உயர்சாதிக் குட்டிகளை வாங்கும் ஒரு துறையில், விலையே இல்லாத நாய் அவற்றின் வரிசையில் நின்றது.

நம் நாட்டு நாய்களைப் பற்றிய எண்ணம் மெல்ல மாறி வருவதையும் காண்கிறோம். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் தம் வானொலி உரையில் பிரதமர் இந்திய இன நாய்களை வளர்க்குமாறு கேட்டுக்கொண்டபோது இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய நம் தமிழகத்து இனங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். கர்நாடகத்து முதோல் வேட்டை நாய்களை இராணுவம் மீரட்டில் உள்ள தன் மையத்தில் ஏற்கெனவே பழக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் இவை யாவும் பெயரும் குலமும் உடைய நாய்கள். செவலைக்கு அவ்விரண்டும் இல்லை.

விளையாட்டா, வேலையா?

எல்லா நாய்க்கும் காவல்துறையில் இடம் கிடைக்காது. ஆகவே மேல்நாட்டார் வேறொரு வழி கண்டனர். நாய்க்கென்றே விளையாட்டுப் போட்டிகளை ஏற்படுத்தினர்.

1978-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பியா அரங்கில் புகழ்பெற்ற கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சி நடைபெற்றது. அதன் குழுவினருள் ஒருவரான ஜான் வார்லி என்பவருக்கு ஒரு கவலை. இரு நிகழ்ச்சிகளுக்கு இடையே பார்வையாளர் சலிப்படையாமல் இருக்க ஏதேனும் காட்ட வேண்டும். குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப்போல் நாய்களை ஓடவிட்டால் என்ன என்று எண்ணி, பீட்டர் மீன்வெல் என்னும் பயிற்சியாளரின் துணையுடன் தடைகளை அமைத்தார். இடைவேளையை நிரப்ப வந்தது நிலைத்துவிட்டது. அஜிலிட்டி என்ற பெயரில் இன்று உலகின் பல நாடுகளில் நடக்கும் பெரும் போட்டி அதுவே.

அதன் விதிகளைப் படித்தபோது நாம் வியந்தது ஒன்றுண்டு. இது வெறும் ஓட்டமன்று. தாண்டும் கம்பு, துணிக் குழாய், வளையம், ஏற்றப்பலகை, குழந்தைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை, வளைந்து வளைந்து நுழைய வேண்டிய கம்ப வரிசை எனப் பல தடைகள் உள்ளன. அவற்றை எந்த வரிசையில் கடக்க வேண்டும் என்பது நாய்க்கு முன்கூட்டித் தெரியாது. வளர்ப்பவர் மட்டும் நாயின்றி ஒரு முறை களத்தைச் சுற்றி நடந்து பார்த்து மனத்தில் வாங்கிக்கொள்வார். பின்னர் கழுத்துக் கயிறில்லாமல் நாயை ஓடவிட்டுக் குரலாலும் கையசைவாலும் உடலின் திருப்பத்தாலும் வழிகாட்ட வேண்டும். நாயைத் தொடக்கூடாது. தின்பண்டம் காட்டக்கூடாது. ஏற்றப்பலகையின் இரு முனைகளிலும் வண்ணம் பூசிய பகுதியில் நாயின் பாதம் பட்டாக வேண்டும். அவசரத்தில் மேலிருந்து குதித்துவிட்டால் பிழை. கம்ப வரிசையில் நுழையும்போது முதற்கம்பம் நாயின் இடத்தோளுக்குப் பக்கம் இருக்க வேண்டும். தொடக்கக் கோட்டில் "இரு" என்றால் இருக்க வேண்டும்.

இந்த "இரு" என்பதில்தான் இரகசியமெல்லாம் அடங்கியுள்ளது என்றார் ஏட்டையா. துள்ளும் நாயை நாள்தோறும் ஐந்து மைல் ஓடவிட்டால், சில மாதங்களில் அது பத்து மைல் ஓடும் வலிமையோடு செருப்பைக் கடிக்கும், அவ்வளவே. ஓட்டத்தின் நடுவே நிற்கவும், நின்று வளர்ப்பவர் முகத்தைப் பார்க்கவும், பார்த்துப் புரிந்துகொண்டு மறுபடி ஓடவும் கற்கும்போதுதான் அதன் மூளை களைக்கிறது. கால் மணி நேரம் இவ்வாறு யோசித்த நாய், ஒரு மணி நேரம் ஓடிய நாயைவிட நன்றாக உறங்கும். விடுமுறை நாட்களில் நம் பங்கு இளைஞரைப் பார்த்துப் பார்த்து நமக்கும் இதில் சிறிது அனுபவம் உண்டாகையால் உடனே ஒப்புக்கொண்டோம்.

இப்போட்டிகளில் குலப்பெருமைக்கு இடமில்லாமற் போனதும் குறிப்பிடத் தக்கது. 1884-இல் தொடங்கிய அமெரிக்க நாய்க் கழகம் நெடுங்காலம் தூய இனங்களையே தன் போட்டிகளில் ஏற்றது. 2010-இல்தான் கலப்பின நாய்களுக்கு இத்தகைய போட்டிகளில் கதவைத் திறந்தது. நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சி 1877 முதல் நடைபெறுவது. 2014-இல் அங்கு தடை தாண்டும் போட்டி சேர்க்கப்பட்டபோது கலப்பின நாய்களும் களம் இறங்கின. பத்தே ஆண்டுகளில், 2024-ஆம் ஆண்டு, நிம்பிள் என்னும் சிறிய கலப்பின நாய் அப்போட்டியின் முதற்பரிசையே வென்றுவிட்டது.

வாலஸ்

ஆனால் நம் செவலையின் கதைக்கு மிக அருகே வருவது அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் நடந்த ஒன்று. அதன் வரலாற்றை ஜிம் கோரன்ட் என்னும் எழுத்தாளர் 2012-இல் ஒரு நூலாகவே எழுதியுள்ளார்.

2005-ஆம் ஆண்டுக் கோடைக்காலம். அந்நகரின் விலங்குக் காப்பகத்தில் வாலஸ் என்னும் இளம் பிட்புல் நாய் அடைபட்டிருந்தது. சந்தேகத்துக்குரிய முறையில் அவ்வினத்தைப் பெருக்கிய ஓர் இடத்திலிருந்து மீட்கப்பட்டது அது. பிட்புல் என்றாலே அங்குள்ளோர் அஞ்சுவர்; நாய்ச்சண்டைக்கென்று பழக்கப்பட்ட பரம்பரை என்பதால் அவ்வச்சம் முற்றும் காரணமற்றதன்று. வாலஸுக்கோ இயல்பிலேயே அடங்காத துடிப்பு. கூண்டில் நாட்கள் ஏற ஏற அதன் படபடப்பும் ஏறியது. அத்தகைய நாயை யார் வீட்டுக்கு அழைத்துச் செல்வர்? அழைத்துச் செல்வார் இல்லையெனில் முடிவு என்ன என்பதை நாம் எழுத வேண்டியதில்லை.

கால்பந்தாட்டக்காரராக இருந்த ஆண்ட்ரூ யோரி என்பவரும் அவர் மனைவி கிளாராவும் அதை ஏற்றுக்கொண்டனர். வீட்டுக்கு வந்துவிட்டதால் வாலஸ் சாதுவாகிவிடவில்லை. அந்தத் துடிப்பை எங்கே கொண்டுபோய்ச் செலவிடுவது என்பதே அவர்களுக்குப் பெரும் பிரச்சினை. அப்போது அவர்கள் கண்ணில் பட்டது பறக்கும் தட்டு விளையாட்டு.

இதைச் சிறிது விளக்க வேண்டும். ஃப்ரிஸ்பீ என்று பிள்ளைகள் வீசி விளையாடும் பிளாஸ்டிக் தட்டை வாசகர்கள் கண்டிருப்பர். 1974 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துப் பெரிய விளையாட்டரங்கில், தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் நடுவே, அலெக்ஸ் ஸ்டைன் என்னும் இளைஞர் தம் நாயுடன் வேலி தாண்டி உள்ளே குதித்து அத்தட்டை வீசலானார். ஆஷ்லி என்னும் அந்நாய் பாய்ந்து பாய்ந்து வானத்திலேயே அதைக் கவ்விய அழகைக் கண்டு ஆட்டமே நின்றுவிட்டது. சுமார் எட்டு நிமிடத்துக்குப் பின் காவலர் வந்து இளைஞரைப் பிடித்துச் சென்றனர். அடுத்த ஆண்டே அவ்விளையாட்டுக்கு உலகப் போட்டி ஏற்பட்டது! சட்டத்தை மீறியவருக்கு இத்தகைய பலன் கிட்டியதை நம் இளைஞர்கள் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.

இப்போட்டியில் பொதுவாகப் பரிசு பெறுபவை பார்டர் காலி போன்ற, ஆட்டு மந்தை மேய்க்கும் இலேசான உடற்கட்டுள்ள நாய்கள். வாலஸின் உடலோ கனத்த தசையும் அகன்ற மார்புமாக, நாட்டியக்காரர் நடுவே பயில்வான் வந்து நின்றாற்போல் இருந்தது. ஆனால் தட்டை வீசினால் விடாது. மீண்டும் வீசினால் மீண்டும் பாயும். சலிப்பு என்பதே அதற்கில்லை. காப்பகத்தில் எந்தக் குணத்துக்காக அது வேண்டாத நாயாயிற்றோ, அதே குணம் களத்தில் அதன் பெருஞ்செல்வமாயிற்று. 2006-இல் சைனோஸ்போர்ட் உலகப் போட்டியில் வாகை சூடியது. 2007-இல் மற்றொரு பெரும் தேசியப் போட்டியிலும் முதலிடம் பெற்றது. 2013-இல் வாலஸ் இறந்தது.

அதே தம்பதியர் பின்னர் ஹெக்டர் என்னும் நாயையும் ஏற்றனர். 2007-ஆம் ஆண்டு விர்ஜீனியா மாநிலத்தில், மைக்கேல் விக் என்னும் பெரும் விளையாட்டு வீரருடைய இடத்தில் நடந்துவந்த நாய்ச்சண்டைக் கொடுமை வெளிப்பட்டு அவர் சிறை சென்ற செய்தியைச் சிலர் படித்திருக்கலாம். அங்கு மீட்கப்பட்ட ஐம்பதளவு நாய்களுள் ஹெக்டரும் ஒன்று. மார்பெல்லாம் பழைய காயத் தழும்புகள். அதற்கு வாலஸின் துடிப்பு இல்லை. போட்டிகளில் பெரும் நாட்டமும் இல்லை. ஆனால் மனிதரிடம் அதற்கிருந்த பொறுமை அளவற்றது. எனவே நோயாளிகளிடமும் பிறரிடமும் அழைத்துச் சென்று ஆறுதல் தரும் பணிக்கு அதைப் பழக்கினர். ஒரே வீட்டில், ஒரே இனத்தில், இரு நாய்களுக்கு இருவேறு வேலை. இதை நாம் இரண்டு மூன்று முறை படித்தோம்.

இதைப் படித்துவிட்டு யாரும் பிட்புல் வாங்க ஓட வேண்டாம். அனுபவமும் இடமும் நேரமும் இல்லாதவர் அத்தகைய நாயை வளர்ப்பது தமக்கும் அடுத்த வீட்டாருக்கும் ஆபத்து.

கடியைப் பற்றியும் சொல்ல வேண்டும்

2024-ஆம் ஆண்டில் நம் நாட்டில் பதிவான நாய்க்கடிகள் 37 இலட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4.8 இலட்சம். வெறிநோய் கண்டுவிட்டால் மீட்பு ஏறத்தாழ இல்லை என்பதால், இக்கட்டுரையைப் படிக்கும் குடும்பத்தினர் இதை மட்டுமாவது நினைவில் வைக்கட்டும். கடியோ கீறலோ பட்டால், மஞ்சளும் சுண்ணாம்பும் தடவாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சொல்லும் நாட்களில் எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். லூயி பாஸ்டர் 1885-இல் ஒரு சிறுவனுக்குப் போட்ட தடுப்பூசிக்குப் பின்னரும், நம் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருந்துவரும் நாட்டிலும், இந்நோயால் ஒரு பிள்ளை இறப்பது வெட்கக்கேடு.

உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் அளித்த உத்தரவையும் இங்கே குறிப்பிடலாம். கருத்தடையும் தடுப்பூசியும் செய்த தெருநாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது என்றது. விருப்பமுள்ளோர் நாய்களைத் தத்தெடுக்கலாம் என்றும், தத்தெடுத்தவை மீண்டும் தெருவுக்கு வராமல் பார்ப்பது அவர்கள் பொறுப்பு என்றும் கூறியது. அதே ஆண்டு நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றித் திரும்ப அங்கு விடாதிருக்கவும் உத்தரவிட்டது. தத்தெடுப்பு என்பது ஒரு நாள் இரக்கமன்று என்பதை நீதிமன்றமே சொல்லிவிட்டது. செவலைக்கும் முதலில் நடந்தது கால்நடை மருத்துவரிடம் ஊசியும் கருத்தடையுமே. வீட்டுக்காரரிடம் மூன்று மாதத் தவணை கேட்டு நாமே நேரில் சென்றோம். ஏரிக்கரை ஆலோசனை சொன்னவர் செய்ய வேண்டிய பரிகாரம் அது என்று ஏட்டையா கருதினார் போலும்.

நம் மைதானத்தில்

பங்குப் பள்ளிக்குப் பின்னாலுள்ள திடலில் காலை ஐந்தரை மணிக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. வெயில் ஏறிய பின் நாயை ஓடவிடலாகாது. அதற்கு மேனி வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே சூட்டைத் தணிக்கிறது. தார்ச் சாலை காய்ந்தால் பாதமும் வெந்துவிடும். எலும்பு முற்றாத குட்டியை உயரத் தாண்டவிடுவதும் தவறாம். செவலைக்கு அந்த வயது கடந்திருந்தது. சவுக்குக் கம்புகள் இரண்டு, பழைய டயர் ஒன்று, கட்டட வேலையில் மிஞ்சிய சிமெண்டுக் குழாய் ஒன்று, தண்ணீர்க் குழாய்த் துண்டுகளை நட்டுச் செய்த கம்ப வரிசை. இவ்வளவே சாதனங்கள்.

முதல் வாரம் செவலை கம்புகளைத் தின்றது. இரண்டாம் வாரம் திடலைத் தாண்டிப் பிரியாணிக் கடைக்கு ஓடிவிட்டது. ஏட்டையா அதைத் திட்டவுமில்லை, அடிக்கவுமில்லை. அவித்த ஈரல் துண்டுகளை ஒரு டப்பாவில் வைத்திருப்பார். அப்பெண்ணின் முகத்தை நாய் பார்த்த அந்தக் கணத்திலேயே ஒரு துண்டு. பிந்தினால் பயனில்லை. அவருடைய பழைய நாட்களில் சங்கிலியைச் சுண்டி இழுத்துப் பழக்குவதே வழக்கமாம். "அப்ப எங்களுக்கு அதுதான் தெரியும் சாமி. பயந்த நாய் வேலை செய்யும், ஆனா ஆளில்லாதப்போ செய்யாது" என்றார்.

பயம் என்றதும் தலைக்கவச விஷயத்தைக் கேட்டோம். நாய்க்குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம்வரை கண்டு பழகியவற்றையே பின்னாளில் அஞ்சாமல் ஏற்கிறது என்பதை ஸ்காட், ஃபுல்லர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் பல ஆண்டுகள் நாய்களை வளர்த்துப் பார்த்து 1965-இல் நூலாக வெளியிட்டனர். அந்த வாரங்களில் செவலை எதைக் கண்டதோ, யாரிடம் அடிபட்டதோ, யார் அறிவார்? இதற்குக் குறுக்கு வழி இல்லை என்றார் ஏட்டையா. இருபது கெஜ தூரத்தில் ஒருவரைத் தலைக்கவசத்துடன் நிறுத்தி, நாய் குரைக்காதிருக்கும்போது ஈரல் கொடுத்து, வாரத்துக்கு ஒரு கெஜமாக நெருங்க வேண்டும். அந்தத் தலைக்கவச மனிதராக நிற்கும் பொறுப்பு, திருப்பலிக்குப் பின் வேறு அலுவல் இல்லாத காரணத்தால், பெரும்பாலும் நம்மீதே விழுந்தது.

மூன்றாம் மாதம் ஒரு நாள் காலை, தொடக்கத்தில் "இரு" என்றதற்கு இருந்து, கம்பு தாண்டி, டயரில் புகுந்து, குழாய்க்குள் மறைந்து மறுபக்கம் வெளிவந்து, கம்ப வரிசையை வளைந்து வளைந்து முழுவதும் கடந்து அப்பெண்ணின் காலடியில் வந்து உட்கார்ந்தது செவலை. யாரும் பேசவில்லை. காலை ஷிப்டுக்குச் செல்லும் வழியில் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்த நாலைந்து தொழிலாளப் பெண்கள்தாம் கைதட்டினர். அவர்களுள் இருவர், முன்னர் இந்நாய்க்கு அஞ்சி வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனவர்கள்.

பங்குத் திருவிழாவை ஒட்டி நடந்த விளையாட்டுப் போட்டிகளில், சாக்கு ஓட்டத்துக்கும் கயிறு இழுத்தலுக்கும் நடுவே செவலைக்கும் ஓர் இடம் ஒதுக்கினோம். ஒரு கம்பைத் தட்டிவிட்டது. குழாயை விட்டு வெளிவந்ததும் சாம்பார் அண்டா இருந்த திசையை நோக்கிச் சிறிது நேரம் யோசித்தது. ஆயினும் ஓட்டத்தை முடித்துவிட்டது. எதிர்த்து ஓட வேறு நாய் இல்லாமையால் முதற்பரிசும் அதற்கே. கணவர் அன்று ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து முன்வரிசையில் நின்றிருந்தார். வீட்டுக்காரரும் மகனோடு வந்திருந்தார். "சுவரை ரெண்டடி ஏத்திக் கட்டலாம்னு செங்கல் வாங்கி வச்சிருந்தேன் சாமி. இப்ப அது சுவர்ப் பக்கமே போறதில்ல" என்றார். அந்தச் செங்கல்லை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டோம்; திடலில் ஒரு மேடை வேண்டுமென்று ஏட்டையா ஏற்கெனவே அவரிடம் கேட்டுவிட்டாராம்.

தலைக்கவசம் மட்டும் இன்னும் முடியவில்லை. இருபது கெஜம் ஆறு கெஜமாகக் குறைந்திருக்கிறது. அதற்குள் வந்தால் செவலையின் காது நிமிர்ந்துவிடுகிறது. ஆகவே நோயாளிகளைப் பார்க்க அந்தத் தெருவுக்குச் செல்ல நேரும்போது, நாம் முனையிலேயே வண்டியை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்துதான் செல்கிறோம்.